வெள்ளைக் குதிரையில் வந்த பெயர்

ஆகஸ்ட் 30, ஞாயிறு

இத்தனையும் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அப்போது மாரீஸ்வரனுக்கு ஆறு வயது. அருப்புக்கோட்டையில் என் கடைக் கிட்டங்கியில், மடித்து அடுக்கியிருந்த சாமியானாத் துணிகளின் மேல் ஏறி உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தேன். "எழுதி வச்சுக்கோங்கப்பா, என் மருமகன் ராஜா வீட்டுலதான் பொண்ணு எடுப்பான்" என்றேன். பக்கத்தில் நின்ற மூன்று பேர் சாட்சி. மூவரும் காலமாகிவிட்டார்கள் என்பதற்காக நான் சொன்னது இல்லையென்று ஆகிவிடாது.

இன்று டோக்கியோவில், நாலாவது மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் பேரப்பிள்ளைகள் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். நான் படித்தது எட்டாவது. ஒன்பதாவதில் எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் சரக்கு இல்லை.

என் பெயர் சுந்தரமகாலிங்கம். பந்தல், சாமியானா, சேர், சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். அருப்புக்கோட்டையைச் சுற்றி நான் பந்தல் போடாத கல்யாணம் கல்யாணத்தில் சேர்த்தி இல்லை.

மாரீஸ்வரன் என் அக்கா மகன். இங்கே பாலம் கட்டுகிற கம்பெனியில் இன்ஜினியர். அக்காவும் இங்கே அவனோடுதான் இருக்கிறாள். சாயங்காலங்களில் ஒரு பெண்ணுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனான். அந்தப் பெண் இந்த நாட்டு ராஜ குடும்பத்தின் கிளைவீடு ஒன்றில் பிறந்தவள். இளவரசி ருரிகோ. இருவருக்கும் பிடித்துப்போயிற்று. அரண்மனைக்காரர்கள் நெடுநாள் யோசித்துக் கடைசியில் சரி என்றார்கள். அக்டோபரில் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் தூதராகப் போய், பெண் வீட்டில் சீர் வைத்து, முறைப்படி வார்த்தை சொல்ல வேண்டுமாம். அத்தான் வெளியூர் போயிருப்பதால் தாய்மாமன் நான் வந்திருக்கிறேன்.

விமானத்தில் பைலட்டே எழுந்து வந்து எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 31

வாழைப்பழத் தோலைத் தவறான பையில் போட்டுவிட்டேன். இந்த ஊரில் குப்பைக்கும் ஜாதகம் பார்க்கிறார்கள். அக்கா மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டாள்.

செப்டம்பர் 1

அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது. கீழ்வீட்டு ஜப்பான்காரம்மா மாடிப்படியில் "வெரைச்சாமி-சான், வெரைச்சாமி-சான்" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். சான் என்றால் நம் 'அவர்கள்' மாதிரி மரியாதை. வெள்ளைச்சாமி என்பது அத்தான் பெயர். நம் பக்கம் குடும்பப் பெயர் ஏது? பெயருக்கு முன்னால் அப்பன் பெயரின் முதல் எழுத்து ஒன்று, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் பெயரின் எழுத்து, அவ்வளவுதானே. இங்கே அதை விரித்து எழுது என்று சொல்லி, அதையே குடும்பப் பெயராக ஆக்கிவிட்டார்கள். மாரியும் வெள்ளைச்சாமி-சான், அக்காவும் வெள்ளைச்சாமி-சான். அக்கா திரும்பிப் பார்க்காமல் படியேறி வந்துவிட்டாள். நான்தான் நின்று சிரித்துச் சமாளித்தேன்.

வீட்டுக்குள் நான் மெதுவாக "அக்கா, காப்பி இருக்கா?" என்றால் மட்டும் அடுப்படியிலிருந்து பதில் வந்துவிடுகிறது. இந்த மாதிரிக் காது மந்தத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

செப்டம்பர் 3

இன்று இளவரசி வீட்டுக்கு வந்தாள்.

நான் கிரீடம் எல்லாம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இவ்வளவு சாதாரணமாக ஒரு சாம்பல் நிறச் சட்டையும் நனைந்த குடையுமாக வருவாள் என்றும் நினைக்கவில்லை. காவலுக்கு வந்தவர் கீழேயே நின்றுகொண்டார். செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டு, என் முன்னால் குனிந்தாள்.

"மாமா அவர்களே, தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா?"

மாரி இவளுக்கு எந்தப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தான் என்று தெரியவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. "மிக மிக இனிதாகவே அமைந்தது மகளே" என்றேன். அக்கா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கை துடைக்கக் கைக்குட்டையை எடுத்தாள். மூலையில் நாணல்பூ தைத்திருந்தது. அவர்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு செடி உண்டாம். சாமான்களில் பெயருக்குப் பதில் அதைத்தான் பொறிப்பார்களாம். என் கடை அண்டா குண்டாவில் எல்லாம் சிவப்புப் பெயிண்டில் 'சு.ம.' என்று இருக்கும், அதே ஏற்பாடுதான் என்றேன். ரொம்ப ஆச்சரியப்பட்டாள்.

அப்புறம் சொன்னாள். "எங்கள் குடும்பத்திற்குக் குடும்பப் பெயர் கிடையாது, மாமா. நான் ருரிகோ மட்டும்தான். திருமணமானால் நான் அரச குடும்பத்தவள் அல்ல. அன்று முதன்முறையாக எனக்கு ஒரு குடும்பப் பெயர் இருக்கும். வெள்ளைச்சாமி ருரிகோ."

ருசி பார்ப்பதுபோல அதை இன்னொரு தடவை சொன்னாள். 'ள்' வருவதற்கு நாக்கு பாடாய்ப் பட்டது.

"அந்தப் பெயருக்குரியவர் எப்படிப்பட்ட மனிதர்? மாரியைக் கேட்டால் 'பிறகு' என்கிறார். அத்தையைக் கேட்க எனக்குத் தயக்கம்."

மாரி ஆபீசில் இருந்தான். அக்கா அடுப்படியில். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் என் மூளை எப்படி வேலை செய்யும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"அம்மா, அது தனி ஆள் பேரே இல்ல. குலப் பேரு. எங்க அத்தான் வம்சத்துல ஒரு முன்னோர். வெள்ளைக் குதிரையில வருவாரு. பஞ்ச காலத்துல ஊருக்கே கஞ்சி ஊத்துனவரு. குதிரை வர்ற சத்தம் கேட்டாலே பிள்ளைங்க சட்டியத் தூக்கிட்டு ஓடி வருமாம். 'வெள்ளைச்சாமி வந்துட்டாரு, வெள்ளைச்சாமி வந்துட்டாரு'ன்னு. அந்தப் பேருதான் இன்னைக்கு வரைக்கும் வருது."

இளவரசியின் கண் கலங்கிவிட்டது. அடுப்படியில் ஒரு மூடி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

செப்டம்பர் 4

சாம்பாரில் உப்பு இல்லை. கேட்டால் பதிலும் இல்லை. அக்காவுக்கு வயதாகிறது.

செப்டம்பர் 9

மாரி ஆபீசிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மாமா, என்ன கதை விட்டு வச்சிருக்கீங்க?"

"எந்தக் கதைய மாப்ளே?"

"அப்ப நிறைய இருக்கா? குதிரைக் கதை! ருரிகோ அவங்க அம்மாகிட்ட சொல்லி, அந்த அம்மா ருரிகோவோட அப்பாகிட்ட சொல்லி, இப்ப அரண்மனை ஆளு எனக்குப் போன் பண்றாரு. குதிரை என்ன ஜாதின்னு கேக்குறாரு."

"நாட்டுக் குதிரைன்னு சொல்லிரு."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு குரலைத் தணித்து, அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு அந்தப் பேரு பழகிப்போச்சு மாமா. இந்த ஊருல பத்து வருஷமா அப்படித்தான் கூப்பிடுறாங்க, யாரையோ கூப்பிடுற மாதிரி நெனச்சுக்குவேன். அம்மாவுக்கு அப்படி இல்ல. நேரம் பாத்து ருரிகோகிட்ட உண்மையச் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப எப்படிச் சொல்றது? என்னையும் பொய்யன்னு நினைப்பா."

என் பேரப்பிள்ளைகளுக்காக இந்த இடத்தில் ஒரு விவரம் எழுதிவிடுகிறேன். அத்தான் வெளியூர் போனபோது மாரிக்கு நாலு வயது. இன்னும் வரவில்லை. சிவகாசியில் வேறு குடும்பம் இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். அக்கா என் கடையில் பந்தல் துணி வெளுத்துத்தான் இவனைப் படிக்க வைத்தாள். கல்யாண வீட்டு ரசக்கறை, குங்குமக்கறை, வெற்றிலைக் கறை எல்லாம் அவள் கையில்தான் போகும். நான் நன்றாகத்தான் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 15

அரண்மனையிலிருந்து ஒகமோட்டோ என்பவர் வந்தார். இஸ்திரி போட்ட ஆள். முழங்கால்கூட மடிப்புக் கலையாமல்தான் மடங்குகிறது. மாரி மொழிபெயர்த்தான்.

சீர் விவரம்: ஒரு ஜோடிக் கடல் மீன், சாராயம், பட்டு. மீன் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். மாப்பிள்ளை அன்றைக்கு வரக்கூடாது. தூதர் மட்டும். சடங்கு முடிந்ததும் அக்காவையும் தேநீருக்கு அழைத்திருக்கிறார்கள். நான் ஜப்பானிய மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வெள்ளைச்சாமி மாரீஸ்வரனின் சார்பில் இளவரசிக்கு நிச்சயச் சீரைப் பணிவுடன் கொண்டு வந்திருக்கிறேன், இதுதான் அர்த்தம்.

"அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை வரவேற்பு மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.

"முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல மாமா" என்றான் மாரி. அதை அவன் மொழிபெயர்க்கவே இல்லை. ஒகமோட்டோ தானாகவே தலையாட்டினார்.

அதன் பிறகு ஒகமோட்டோ குதிரையைப் பற்றிக் கேட்டார். இளவரசி எந்தக் குடும்பப் பெயரை எடுப்பது என்பது இன்னும் எழுத்தில் முடிவாகவில்லையாம். ஆனால் மாப்பிள்ளையின் பெயர்தான் வேண்டும் என்கிறாளாம். ஒருமுறை எடுத்தால் வாழ்நாள் முழுக்க அதுதான். கல்யாணத்துக்கு முன் அவர்கள் வீட்டு முன்னோர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விடைபெறுவாளாம். ஆகவே பெயரின் வரலாறு சரியாகத் தெரிய வேண்டும்.

இதை என்னிடம் சொல்லிவிட்டு, பதிலை மொழிபெயர்க்க மாட்டேன் என்பதுபோல மாரி என்னையே பார்த்தான். நான் கையாலேயே கஞ்சி ஊற்றிக் காட்டினேன். ஒகமோட்டோ எழுந்து நின்று குனிந்தார். அந்த முன்னோருக்குச் செய்த மரியாதை, என் மூலமாக.

செப்டம்பர் 16

இன்றிலிருந்து வாக்கியம் மனப்பாடம். அக்கா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளையே இளவரசியின் அப்பாவாக நினைத்துக்கொண்டு எதிரில் நின்று சொன்னேன்.

"அதுல அந்தாளு பேரு வருதுல்ல?" என்றாள்.

"காது நல்லாக் கேக்குதே உனக்கு."

"எனக்கு என்னைக்குடா கேக்கல?" கத்தியைக் கீழே வைத்தாள். "மாலிங்கம், அந்தப் பிள்ளை பொறந்த வீட்ட விட்டு, பட்டத்த விட்டு, எல்லாத்தையும் விட்டுட்டு நம்ம வீட்டுக்கு வருது. அதுக்குப் பதிலா நாம குடுக்குறது அந்த ஒரு பேரு. அதையா குடுக்கப் போறோம்?"

"பேருல என்னக்கா இருக்கு? அதுக்குத்தான் நான் குதிரையெல்லாம் பூட்டி..."

"குதிரையில போகல. பஸ்ஸுல போனான். சாத்தூர் பஸ்ஸு. வேலை விஷயமாப் போறேன்னான். நான்தான் சோறு கட்டிக் குடுத்தேன்."

மறுபடியும் கத்தரிக்காயை எடுத்துக்கொண்டாள். நான் பால்கனியில் போய் வாக்கியத்தைத் தொடர்ந்தேன். காற்று நன்றாக இருந்தது.

செப்டம்பர் 20

இளவரசி என்னை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனாள். கரையெல்லாம் சிமெண்ட். கிழவர்கள் பேண்ட் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். காவல்காரர் எங்களுக்குப் பின்னால் இருபதடி தள்ளி நடந்தார். ஊரில் கோவில் தேர் பார்க்கப் போனாலும் எனக்கு இப்படித்தான் பின்னால் ஆள் வரும்.

அவள் தன் அம்மாவைப் பற்றிப் பேசினாள். அந்த அம்மா ராஜ குடும்பத்தில் பிறந்தவர் இல்லையாம். கடிகாரக் கடைக்காரர் மகள். இளவரசரைக் கட்டிக்கொண்டு உள்ளே போனபோது பிறந்த வீட்டுப் பெயரை வாசலில் விட்டுவிட்டுத்தான் போனாராம்.

"அதன் பிறகு ஒருவர்கூட அம்மாவை அந்தப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, மாமா. சிறுவயதில் ஒருநாள் கேட்டேன், உங்கள் பழைய பெயர் என்ன என்று. அம்மா சற்று யோசித்துத்தான் சொன்னார்."

"நீ வெளியே வர்றதுல அவங்களுக்கு வருத்தமாம்மா?"

"என் அறையில் இன்னும் எதையும் எடுத்து வைக்க விடவில்லை. தந்தை பேசுவதில்லை. சினம் அல்ல. இனி புத்தாண்டு நாளில் அவர்கள் வரிசையில் எனக்கு இடம் இருக்காது. நான் விருந்தினர் பக்கம் நிற்பேன். அவர் அதை எண்ணிப் பார்க்கிறார் போலும்."

கொஞ்ச தூரம் நடந்தோம். அப்புறம் அவள் காற்றில் விரலால் எழுத ஆரம்பித்தாள். என்னம்மா என்றேன். வெள்ளைச்சாமி என்று கையெழுத்துப் போட்டுப் பழகுகிறேன் என்றாள். அம்மாவுக்கும் அந்தக் கஞ்சிக் கதை ரொம்பப் பிடித்துவிட்டதாம். பசித்தவர் கூப்பிட்ட பெயர் என் மகளுக்குக் கிடைக்கிறது, அது போதும் என்றாராம்.

நான் இருமினேன். ஆற்றங்கரை அல்லவா, கொசு போயிருக்கும். இருமினேன்.

"மாமா, அந்தக் குதிரைக்குப் பெயர் உண்டா?"

"முத்து" என்றேன்.

செப்டம்பர் 27

வால் வைத்த கோட்டு ஒன்று வாடகைக்கு எடுத்தோம். சாமியானா வாடகைக்கு விடுகிற என்னை வாடகைக் கோட்டுப் போட வைத்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன். வெளிநாட்டு மந்திரி மாதிரி இருந்தது. அக்கா, "கல்யாண பேண்டு செட்டுல ஊதுற ஆளு மாதிரி இருக்க" என்றாள். பல நாளைக்குப் பிறகு என்னோடு பேசியிருக்கிறாள், அதனால் விட்டுவிட்டேன்.

அவளுக்கு அரக்குக் கரை வைத்த பச்சைப் பட்டு. அதை எடுத்து வைத்துவிட்டு, "நான் தேநீருக்கு வரலடா. அந்தக் கதையக் கேட்டுக்கிட்டு அங்க உக்கார என்னால முடியாது" என்றாள். நீ வராவிட்டால் பெண் வீட்டார் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள் என்றேன். ரொம்ப நேரம் புடவை மடிப்பையே நீவிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 1

வாக்கியம் தூக்கத்திலும் வருகிறது. மாரி கேட்டுவிட்டுச் சரி என்றான். மீன் வந்தாயிற்று. கண் தெளிவாக, செதில் சிவப்பாக, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி மிடுக்காக இருக்கின்றன.

அக்டோபர் 2

சரித்திரத்தில் எழுத வேண்டிய நாள். நான் எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்குக் கருப்புக் கார் வந்தது. அக்காவும் நானும் போனோம். பெண் வீடு என்றால் கோட்டை கொத்தளம் இல்லை. உயரமான மரங்கள், ஜல்லி போட்ட பாதை, அமைதியான ஓட்டு வீடு. ஜல்லியில் என் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. அக்காவை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். நான் மட்டும் கூடத்துக்குள் போனேன்.

மீன், சாராயம், பட்டு எல்லாம் வெள்ளை மரப் பலகைகளில். எதிரே பெண்ணின் அப்பா இளவரசர், மெலிந்த உயரமான மனிதர். அருகில் அவர் மனைவி, வெளிர் நீலக் கிமோனோ. இளவரசி தலை குனிந்து நின்றாள். யாரும் இருமக்கூட இல்லை. நம் பக்கம் நிச்சயதார்த்தம் என்றால் அரை மைல் தூரம் கேட்கும். இங்கே கடிகார முள் நகர்வது கேட்டது.

வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு சொல் முன்னால் இல்லை, ஒரு சொல் பின்னால் இல்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. சொல்லி முடித்தபோது வியர்த்துவிட்டது. இளவரசர் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். நிச்சயம் முடிந்தது.

பிறகு தேநீர். அக்காவை அழைத்து வந்து இளவரசியின் அம்மாவுக்கு எதிரில் உட்கார வைத்தார்கள். இளவரசிதான் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தாள். ஒகமோட்டோ ஓரமாக நின்றார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். அப்புறம் இளவரசர் என்னைப் பார்த்து, "என் மகளுக்குக் கிடைக்கப்போகும் பெயரின் கதையைத் தங்கள் வாயால் கேட்க விரும்புகிறேன்" என்றார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் எழுந்தேன். கோட்டு வாலைச் சரிசெய்துகொண்டேன். நெஞ்சில் கை வைத்து, "இளவரசே! குதிரை இல்லை. கஞ்சி இல்லை. அந்தப் பெயருக்கு உரியவர் என் அக்காவைத் தவிக்க விட்டுப் போனவர். உங்கள் மகளுக்கு அந்தப் பெயர் வேண்டாம். தனியாளாக நின்று பிள்ளையை வளர்த்த என் அக்கா பெயரை வையுங்கள்!" என்று முழங்கினேன். கூடமே அதிர்ந்தது. இளவரசர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இப்படி ஒரு தாய்மாமனை நான் கண்டதில்லை" என்றார். ஜப்பானிய மொழியில்தான் சொன்னார், ஆனால் முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. இளவரசி அப்படியே செய்வதாகச் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 3

நேற்று அவர்கள் வீட்டில் மடக்கி உட்கார்ந்ததில் கால் இன்னும் மரத்திருக்கிறது. சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.

அக்டோபர் 24

கல்யாணம் நேற்று முடிந்தது. மேளம் இல்லை, பந்தல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. நான் குறை சொல்லவில்லை, அவர்கள் வழக்கம் அது. மாரியும் அவளும் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார்கள்.

அதற்கு முன் பெண் வீட்டிலிருந்து அவள் கிளம்பியதைப் பார்த்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குனிந்து நன்றி சொன்னாள். இளவரசர் பதிலுக்குக் குனிந்தார். அவர் நிமிர நேரமாயிற்று. அந்த அம்மா வாசற்படி வரைக்கும் வந்து, மகளின் கோட்டுக் கழுத்தைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது அது. மறுபடியும் சரிசெய்தார். கார் மரங்களைத் தாண்டித் திரும்புகிற வரைக்கும் படியிலேயே நின்றார்.

நவம்பர் 1

பார்சல்காரர் மணியடித்து "ஷீனியம்மாரு-சான்!" என்றார். அடுப்படியிலிருந்து அக்காவும் அறையிலிருந்து மருமகளும் ஒரே நேரத்தில் "ஹாய்", அதாவது 'இதோ' என்று சொல்லிக்கொண்டு வந்து கதவருகே முட்டிக்கொண்டார்கள். பார்சல் எனக்குத்தான், ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டி. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

நவம்பர் 7

நாளை விமானம். பெட்டி கட்டியாயிற்று.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறேன். பைலட் கைகொடுத்தது, மூன்று சாட்சிகள், இதெல்லாம் கிடக்கட்டும். கல்யாண வீட்டுப் பந்தலில் காகிதப் பூ கட்டுவது மாதிரி, அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் அக்டோபர் 2 அன்று ஒரு விஷயம் நான் இட்டுக்கட்டியது. பேரப்பிள்ளைகள் நாளைக்கு இங்கே வந்து அக்காவிடம் கேட்டால் அவள் மாற்றிச் சொல்ல மாட்டாள். அதற்கு முன் நானே எழுதிவிடுவது மரியாதை.

கூடத்தில் எழுந்து நின்று நான் ஒன்றும் முழங்கவில்லை.

இளவரசர் கேட்டதும் நான் எழுந்தது உண்மை. கோட்டு வாலைச் சரிசெய்ததும் உண்மை. முத்துவின் சேணத்தில் தங்கக் குஞ்சம் தொங்கியது என்றுதான் ஆரம்பித்தேன்.

"மாலிங்கம், போதும். உக்காரு" என்றாள் அக்கா.

உட்கார்ந்தேன்.

அக்கா இளவரசியின் பக்கம் திரும்பினாள். "தாயி, நான் சொல்றத எதையும் மாத்தாம அவுககிட்டச் சொல்லணும். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். சொல்லுவியா?"

"சொல்வேன், அத்தை."

"குதிரை கிதிரை எதுவும் கெடையாது. வெள்ளைச்சாமிங்கறது என் வீட்டுக்காரர் பேரு. பிள்ளைக்கு நாலு வயசுல எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு. சாத்தூர் பஸ்ஸுல. அந்தப் பேரக் கேட்டா எனக்கு இன்னும் அந்த பஸ்ஸு போற சத்தம்தான் கேக்குது. என் தம்பி பொய் சொன்னது எங்க மேல உள்ள பாசத்துல. அதுக்காக உங்க பிள்ளை அத ஆயுசுக்கும் சுமக்கக் கூடாது. உண்மையத் தெரிஞ்சுக்கிட்டு, வேணுமா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. சம்பந்தமே வேணாம்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

இளவரசி முகம் வெளுத்திருந்தது. ஆனால் பெற்றவர்களைப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாக ஜப்பானிய மொழியில் சொன்னாள். சாத்தூர் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. நடுவில் ஒருமுறை நிறுத்தி அக்காவிடம் கேட்டாள். "அத்தை, அவர் திரும்பி வரமாட்டார் என்று அன்று உங்களுக்குத் தெரியுமா?"

"வேலைக்குப் போறாருன்னு நெனச்சேன். எலுமிச்சம் சோறு கட்டிக் குடுத்தேன்."

அதையும் சொன்னாள். அந்த இடத்தில்தான் அவள் குரல் உடைந்தது.

ஒகமோட்டோ தரையைப் பார்த்தார். இளவரசர் பலகையில் இருந்த மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது, வந்த காரிலேயே மீனோடு திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

அப்போது அந்த அம்மா, கடிகாரக் கடைக்காரர் மகள், கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அக்காவை நேராகப் பார்த்து என்னவோ கேட்டார். சின்னக் கேள்வி.

"உங்கள் பெயர் என்ன என்று அம்மா கேட்கிறார்" என்றாள் இளவரசி.

அக்கா என்னைப் பார்த்தாள். ஊரில் அவளிடம் யார் என்ன கேட்டாலும் நான்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். மற்றபடி அவள் எல்லோருக்கும் அக்கா, மாரி அம்மா, பந்தக்காரர் அக்கா. இங்கே வந்த பிறகு வெள்ளைச்சாமி-சான். இப்போதும் நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் நான் செய்த காரியம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அக்கா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சீனியம்மாள்" என்றாள்.

அந்த அம்மா அதைச் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. தலையசைத்துவிட்டு மறுபடி சொன்னார். பக்கத்தில் இளவரசியும் உதட்டுக்குள் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை வைக்கலாம் என்று யாரும் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. பதிவு அலுவலகத்தில் அவளாகவே எழுதிக் கொடுத்தது அது.

என் அக்கா தன் பெயரைத் தன் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.